காற்றாடிமலைக்குத் தனியே

நம்மூர்க் கத்தோலிக்கருக்குத் திருயாத்திரை என்றாலே கூட்டந்தான். ஆகஸ்ட் கடைசியில் நாகப்பட்டினம் போகும் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காவி உடை, கழுத்தில் செபமாலை, முன்னால் ஒரு சிறிய சப்பரம், அதில் மாதா சொரூபம், ஒலிபெருக்கியில் பாட்டு, வழிநெடுக நீர்மோர்ப் பந்தல். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் தனியாக நடப்பது அபூர்வம். ஓரியூருக்கும் பூண்டிக்கும் காமநாயக்கன்பட்டிக்கும் அப்படித்தான். சின்ன வயதில் நானும் அந்தக் கூட்டங்களில் நடந்திருக்கிறேன். கால் ஓய்ந்துபோகும் நேரத்தில் யாராவது ஒருவர் பாட்டை எடுப்பார். வலி இருந்த இடம் தெரியாது. அந்தப் பாட்டும் அந்தத் தோழமையும்தான் என்னை வளர்த்தன. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனாலும் ஒரு கேள்வி நெடுநாளாக உள்ளே கிடந்தது. பாட்டு நின்ற பிறகு, பக்கத்தில் நடப்பவர்கள் அவரவர் வீட்டுக்குப் போன பிறகு, என்னிடம் மிஞ்சும் விசுவாசம் எவ்வளவு? அதைக் கேட்டுப் பார்ப்பதற்கென்றே அமைந்த வழி ஒன்று குமரி மாவட்டத்தில் இருக்கிறது. புனித தேவசகாயம் பிறந்த நட்டாலத்தில் தொடங்கி, அவர் வேலை பார்த்த பத்மநாபபுரம், துன்புறுத்தப்பட்ட புலியூர்க்குறிச்சி, பெருவிளை, அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு, சுடப்பட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலை என்று நீளும் வழி. அவர் இறந்த ஜனவரி 14-ஐ ஒட்டி இங்கே கூட்டம் நெரியும். நான் ஆடி மாதத்தில் போனேன். திருவிழா எதுவும் இல்லாத நாட்கள், மேல்காற்று வீசும் காலம். துணைக்கு யாரையும் அழைக்கவில்லை.

நட்டாலம் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலுள்ள கிராமம். ரப்பர், வாழை, மரச்சீனி, ஓட்டு வீடுகள். அவர் பிறந்த மண்ணில் இன்று அவர் பெயரால் ஆலயம் இருக்கிறது. ஆனால் நட்டாலம் வேறொரு யாத்திரைக்கும் பெயர்போன ஊர். சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, காவி உடுத்திய பக்தர்கள், கையில் பனையோலை விசிறியோடு, கோவிந்தா கோபாலா என்று கூவிக்கொண்டு 12 சிவாலயங்களுக்கு ஓடுவார்கள். சிவாலய ஓட்டம் என்று பெயர். அந்த ஓட்டத்தின் பன்னிரண்டாவது கோயில், ஓட்டம் முடியும் இடம், திருநட்டாலம். ஏழாவது கோயில் கல்குளம் நீலகண்ட சுவாமி கோயில். பத்மநாபபுரம் அரண்மனைக்கு அருகில் இருப்பது. 1712 ஏப்ரல் 23-ல் நட்டாலத்தில் பிறந்த அந்தக் குழந்தைக்கு நீலகண்டன் என்றுதான் பெயர். வளர்ந்து அதே கல்குளம் நீலகண்ட சுவாமி கோயிலில் அவர் அலுவல் பார்த்திருக்கிறார். ஆக, ஒரு யாத்திரை முடியும் இடத்தில் பிறந்து, அதன் நடுவழியில் வேலை பார்த்து, அங்கிருந்து வேறொரு வழியில் திரும்பிப் போன மனிதர் அவர். நட்டாலத்தில் நின்றபோது இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பக்தி என்பதை அவர் டிலனாயிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை. அது அவர் வீட்டிலும் ஊரிலும் ஏற்கெனவே இருந்தது.

டிலனாய் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அந்தப் போரில் பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டிலனாய். மன்னர் மார்த்தாண்ட வர்மா அவருடைய திறமையைப் பார்த்துத் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். கத்தோலிக்கரான அவருக்கும் அரசுப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளைக்கும் பழக்கம் ஏற்பட்டது. அப்போது நீலகண்ட பிள்ளைக்குக் குடும்பத்தில் அடிமேல் அடி; சொத்து நட்டம், மனக்கவலை. டிலனாய் அவருக்கு விவிலியத்திலிருந்து யோபுவின் கதையைச் சொன்னாராம். நேர்மையாக வாழ்ந்த ஒருவன் மக்களையும் மாடு கன்றுகளையும் உடல் நலத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் கதை. ஆறுதல் தேடி வந்தவரிடம் சொல்லக்கூடிய கதைகளிலேயே கடினமான கதை அது. ஏனென்றால் யோபுவின் கேள்விக்குக் கடவுள் நேரடியான பதில் தருவதே இல்லை. அந்தக் கதைதான் இவரைப் பிடித்தது.

நட்டாலத்திலிருந்து தக்கலை வரை கூடியமட்டும் கிளைச் சாலைகளில் நடந்தேன். ரப்பர் தோட்டங்களுக்கிடையே குருசடிகள் வந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக்குள் அந்தோனியார், சவேரியார், மாதா. கீழே உருகி உறைந்த மெழுகு. தனியாக நடப்பவனைப் பார்த்தால் இந்தப் பக்கத்து மனிதர்கள் சும்மா விடமாட்டார்கள். எங்கே போகணும், பஸ் அங்கேதான் நிற்கும், ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்பார்கள். சாயாக் கடையில் ஒருவர் எனக்காக ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தியே விட்டார். அந்த அன்பைத் தட்டிக்கழிப்பது எளிதாக இல்லை.

நடக்கத் தொடங்கிய முதல் சில மணி நேரம் மனத்துக்குள் ஒரே இரைச்சல். கட்ட வேண்டிய பணம், பாதியில் நிற்கும் வேலை, யாரோ எப்போதோ சொன்ன ஒரு சொல். பேச ஆள் இல்லாததால் எல்லாம் ஒன்றாக மேலே வந்தன. செபமாலையைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் இதுவரை கவனிக்காத ஒன்று தெரிந்தது. நம் கோயில்களிலும் யாத்திரைகளிலும் ஐம்பத்து மூன்று மணிச் செபத்தை ஒருவர் முன்மொழிவார். ஒவ்வொரு மணிக்கும் முதல் பாதியை அவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். என் வாழ்நாள் முழுவதும் நான் மறுபாதிதான் சொல்லியிருக்கிறேன். இப்போது இரண்டு பாதியையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. மரியாளை வாழ்த்தும் முதல் பாதி என் வாயில் புதிதாகக் கேட்டது. மூச்சு வாங்க இடமில்லை. கூட்டத்தில் மறுபாதிக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் இத்தனை ஆண்டுகளும் நான் இளைப்பாறியிருக்கிறேன், பராக்குப் பார்த்திருக்கிறேன், மற்றவர்கள் குரலில் சாய்ந்திருந்திருக்கிறேன். அன்று ஒரு செபமாலையை முழுதாகச் சொல்லி முடிக்க, கோயிலில் ஆவதைவிட வெகுநேரம் ஆயிற்று.

பத்மநாபபுரம் அரண்மனையை நான் விரைவாகத்தான் கடந்தேன். மரவேலைப்பாடும் பளபளக்கும் கரிய தரையும் பார்க்க வேண்டியவைதான். அதற்கு வேறொரு நாள் வரலாம். கல்குளம் கோயில் குளத்தின் படிக்கட்டில் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இங்கே மதிப்போடு நடமாடிய ஒரு நாயர் குல அதிகாரி, 1745 மே 14-ல் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கன்குளத்துக்குப் போய், இயேசு சபைத் துறவி புத்தாரியிடம், தமிழில் பரஞ்சோதிநாதர் என்று அழைக்கப்பட்டவரிடம், திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் அமைந்தது. அவர் மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

தனிமை என்றதும் இன்றைய நமக்குக் கைபேசியை அணைத்துவிட்டு மலையோரம் போய் உட்காருவது நினைவுக்கு வருகிறது. 18-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் தனிமை என்பது வேறு. அங்கே மனிதன் என்றால் தறவாடு என்னும் கூட்டுக் குடும்பம், குலம், கோயில், அரண்மனை இத்தனையும் சேர்ந்ததுதான். யாரோடு உண்பது, யார் எத்தனை அடி தள்ளி நிற்பது, யார் வீட்டு வாசலை மிதிப்பது என்பதெல்லாம் வரையறுக்கப்பட்ட உலகம். அதிலிருந்து வெளியே வந்தவனுக்கு இன்னொரு வீடு காத்திருக்கவில்லை. தேவசகாயம் தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களோடு கலந்து பழகினார், சேர்ந்து உண்டார் என்பது அவரைப் பற்றிய எல்லா மரபுகளிலும் வருகிறது. மார்த்தாண்ட வர்மா மறைப்பணியாளர்களோடு நல்லுறவு வைத்திருந்த அரசர், மதம் மாறியதற்காக ஒருவரைக் கொன்றிருக்க மாட்டார், வேறு குற்றச்சாட்டு இருந்திருக்க வேண்டும் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. திருச்சபை அக்காலத்து இயேசு சபையினரின் எழுத்துகளையும், 1756-ல் கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையையும் சான்றாக வைக்கிறது. என் மனத்துக்குப் பட்டதைச் சொல்கிறேன். அந்தச் சமுதாயத்தால் ஒருவன் சாமியை மாற்றிக்கொள்வதைக்கூடப் பொறுத்திருக்க முடியும். உயர்ந்த குலத்தான் ஒருவன் பந்தியை மாற்றிக்கொள்வதைத்தான் அதனால் பொறுக்க முடியாது. அவருடைய தனிமை 1749-ல் கைதானபோது தொடங்கவில்லை. வடக்கன்குளத்திலிருந்து வீடு திரும்பிய அன்றே தொடங்கிவிட்டது.

தக்கலையைத் தாண்டினால் நெடுஞ்சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டை. பெரிய பெரிய கருங்கற்களால் எழுப்பிய மதில். உள்ளே இப்போது வனத்துறையின் பூங்கா. மான்கள், மரங்கள், பள்ளிப் பிள்ளைகள். கோட்டைக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் கூரையில்லாத ஒரு பழைய தேவாலயம். அங்கேதான் டிலனாய் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லறைக் கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள். பக்கத்தில் அவர் மனைவியும் மகனும். சுற்றுச்சுவர் மட்டும் நிற்க, மேலே வானம். கல்லைக் குனிந்து பார்த்தால் எழுத்துக் குழிகளில் மண்ணும் காய்ந்த பாசியும் அடைந்திருக்கும். விரலால் தடவித்தான் சில எழுத்துகளைப் படிக்க முடிந்தது.

இந்தக் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரந்தான் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை. கைதான தேவசகாயத்தை, கைகளைப் பின்னால் கட்டி, எருமை மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனார்கள். கசையடி, காயத்தில் மிளகாய்ப் பொடி. தாகத்தால் துடித்தவர் இந்தப் பாறையில் மண்டியிட்டு முழங்கையால் இடித்தார், தண்ணீர் சுரந்தது என்பது மரபு. நண்பரைக் கிறிஸ்துவிடம் அழைத்து வந்தவருடைய கோட்டையின் நிழலிலேயே இது நடந்திருக்கிறது. டிலனாய் 1777-ல் இறக்கும்வரை திருவிதாங்கூர் அரசின் சேவையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை. சிறைபிடிக்கப்பட்டு வந்த அந்நியர் அவர். ஆனால் அந்தக் கல்லறைக்கும் இந்தப் பாறைக்கும் இடையே நடந்தபோது, தாம் சொன்ன யோபுவின் கதையை அவர் எத்தனை இரவுகள் நினைத்துப் பார்த்திருப்பார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள் என்கிறது விவிலியம். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் தவறினார்கள். ஒருவருடைய துன்பத்துக்குள் இன்னொருவர் கூட வரக்கூடிய தூரம் அந்த ஏழு நாள் மௌனம் வரைக்கும்தான்.

பாறையிலுள்ள குழி சிறியது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் மூடிவிடலாம். அதில் தெளிந்த தண்ணீர். சுற்றிலும் கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. எத்தனை கைகள் பட்டனவோ. ஒரு மூதாட்டி சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் பேரனுக்குக் காய்ச்சல் என்றார். என்னைப் பார்த்து, “ஒத்தைக்கா வந்திய மக்கா?” என்று கேட்டார்.

“ஆமா பாட்டி.”

“பேச்சுத் துணைக்குக்கூட ஆளு இல்லாமலா?” என்றவர், குப்பியை மூடிக்கொண்டே, “அவரும் ஒத்தைக்குத்தான கெடந்தாரு” என்று தமக்குள் சொல்வதுபோலச் சொன்னார். என் கையிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். குடித்தேன். கல்லின் குளிர்ச்சி இருந்தது.

பெருவிளை நாகர்கோவிலை ஒட்டிய ஊர். தேவசகாயத்தை இங்கே ஒரு வேப்ப மரத்தில் மாதக்கணக்காகக் கட்டி வைத்திருந்தார்கள். ஆராச்சாரின், அதாவது தூக்குத் தண்டனை நிறைவேற்றுபவரின், வீட்டு முன்னால். வெயில், மழை, பனி எல்லாம் அந்த மரத்தடியில்தான். குருவானவர் இல்லை, பூசை இல்லை, நற்கருணை இல்லை.  கூட்டத்துக்குள் இருந்து பழகிய எனக்கு இதைத்தான் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று தவறினாலே எனக்கு வாரம் கோணலாகிப் போகும். இவருக்கு எது ஞாயிறு என்பதைச் சொல்லவும் ஆளில்லை.

ஆனால் பெருவிளை மரபு இன்னொன்றும் சொல்கிறது. நாளாக நாளாக ஊர் மக்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்களாம். நோயுள்ளவர்கள், பிள்ளையில்லாதவர்கள், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். மரத்தின் இலையைப் பறித்து மருந்தென்று கொண்டுபோனார்கள். ஆராச்சாருக்கே பிள்ளையில்லாத குறை அவர் செபத்தால் தீர்ந்தது என்பார்கள். கட்டி வைக்கப்பட்டவரிடம் கட்டி வைத்தவர் ஆசி கேட்கிறார். அற்புதத்தை நம்புகிறவர் நம்பட்டும். எனக்கு அந்த மனிதர் இருந்த இருப்பே போதும். எல்லாரும் விலகிப்போன இடத்தில் கசந்துபோகாமல் ஒருவர் இருந்தால், அவர் நிழலுக்கு மற்றவர்கள் வருகிறார்கள். எகிப்தின் பாலைவனத்துக்கு ஓடிப்போன வனத்து அந்தோனியாருக்கும் இதுதான் நடந்தது. அவர் தனிமையைத் தேடி உள்ளே உள்ளே போகப்போக, ஜனங்களும் பின்னாலேயே போனார்கள். அந்தோனியார் தனிமையைத் தாமே தேர்ந்துகொண்டார். தேவசகாயத்தின் மேல் அது சுமத்தப்பட்டது. சுமத்தப்பட்டதை ஒரு துறவியின் அறைபோல அவர் ஆக்கிக்கொண்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவரோ துறவி அல்ல. மனைவியுள்ள, கணக்கு வழக்குப் பார்த்த, நம்மைப் போன்ற குடும்பஸ்தர்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை பீடத்துக்கு முன்னால் இருக்கிறது. பேராலயத்தில் அன்று ஏதோ திருமணம். கல்லறையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அங்கிருந்து கிழக்கே தோவாளை. விடியற்காலையில் பூச்சந்தையைக் கடந்து நடந்தேன். பிச்சி, கொழுந்து, அரளி, சம்பங்கி எல்லாம் சாக்குச் சாக்காக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் இங்கிருந்துதான் பூ போகிறது. மலையாள நாட்டுக்கும் போகிறது. தோவாளையைத் தாண்டியதும் காற்று எதிர்பார்த்ததைவிட முரடாக அடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் விழுந்த இடைவெளிதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாய் வழியே மொத்தமாகப் புகுந்து வருகிறது. முப்பந்தல் பக்கமெங்கும் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்வதற்குக் காரணம் இதுதான். எனக்கு முதுகுக்காற்று. சட்டை படபடக்க, தள்ளிக்கொண்டு போவதுபோல இருந்தது. செபமாலை சொன்னால் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

திருவிதாங்கூரின் எல்லைக் காவல் இருந்த இடம் இது. கடைசியாக அவரை இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று இரவு மலைமேல் கொண்டுபோய்ச் சுட்டார்கள். விலங்கு பூட்டிய கால்களால் வேகமாக நடக்க முடியாதவரை வீரர்கள் தூக்கிக்கொண்டே போனார்கள் என்பது மரபு. சுடுவதற்கு முன் செபம் செய்யக் கொஞ்ச நேரம் கேட்டாராம். உடலைக் காட்டில் போட்டுவிட்டார்கள். விலங்குகள் தின்றதுபோக எஞ்சிய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் தேடியெடுத்துக் கோட்டாற்றில் அடக்கம் செய்தார்கள்.

அடிவாரத்தில் ஆலயம். மேலே ஏறினால் பாறைகள். அவர் மண்டியிட்ட தடம் என்று ஓரிடத்தைக் காட்டுகிறார்கள். அவர் உயிர் பிரிந்த நேரத்தில் உடைந்து விழுந்து மணிபோல ஒலித்ததாகச் சொல்லப்படும் மணியடிச்சான் பாறையும் அங்கே உண்டு. அதன்மேல் சின்னக் கல்லால் தட்டித் தட்டி ஆங்காங்கே வெள்ளை வெள்ளையாகக் குழி விழுந்திருக்கிறது. பக்கத்திலேயே தட்டுவதற்கான கூழாங்கற்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் தட்டினேன். வெண்கல மணியின் நாதம் கல்லிலிருந்து வந்தது. இன்னோரிடத்தில் தட்டினேன், வேறு சுரம். சில இடங்களில் வெறும் கல்லின் சத்தந்தான். மேலே யாருமே இல்லை. திருவிழா நாளில் வரிசையில் நின்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர வேண்டும். அன்று அந்தப் பாறை முழுவதும் என்னுடையதாக இருந்தது.

பிறகு செபிக்க உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் நடந்து வந்தது இதற்காகத்தான். ஒன்றும் வரவில்லை. கண்ணீர் வரவில்லை, ஆறுதல் வரவில்லை, மனம் நிறையவில்லை. வேளாங்கண்ணி கொடிமரத்தடியில் கூட்டத்தோடு நிற்கும்போது தொண்டை அடைக்குமே, அதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. காற்றும் காற்றாலைகளின் சுழற்சியும் மட்டும். கடவுள் அங்கே இருக்கிறார் என்று எனக்கு உணர்த்த எதுவும் இல்லை. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. உணர்ச்சி எதுவும் இல்லாமலே ஆண்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நீர் இருக்கிறீர் என்று நம்புகிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகும் எதுவும் மாறவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னுடையது என்பது தெரிந்தது. முன்மொழிய ஆளில்லாமல், பின்மொழிய ஆளில்லாமல், எனக்கு எந்த ஆதாயமும் தோன்றாத ஒரு நேரத்தில் சொன்னது. அளவில் அது மிகச் சிறியது. நான் வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டிருந்த விசுவாசத்தில் பெரும்பகுதி என் அம்மாவுடையது, என் பங்குக் கோயிலுடையது, பாட்டு எடுத்த அந்தப் பெயர் தெரியாத மனிதர்களுடையது. அவர்கள் கொடுத்தது பொய்யல்ல. கடன் என்று வேண்டுமானால் சொல்லலாம், சந்தோஷமாக வாங்கிய கடன். ஆனால் மரத்தில் கட்டி வைத்தால் ஒருவனிடம் மிஞ்சக்கூடியது அந்தச் சிறிய பகுதிதான். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றுக் கைதாவதற்குள் நாலாண்டுகூட முழுதாக ஆகவில்லை. அந்தக் கொஞ்ச காலத்தில் சேர்த்ததை வைத்துக்கொண்டு அவர் அடுத்த மூன்றாண்டுகளைக் கடந்திருக்கிறார்.

உச்சி வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

பெரும்பாலோர் காற்றாடிமலையோடு திரும்பிவிடுகிறார்கள். நான் கணவாயைத் தாண்டி வடக்கன்குளம் வரை நடந்தேன். மேற்குப் பக்கத்துப் பசுமை சட்டென்று அறுந்து, உடைமரமும் செம்மண்ணும் பனையுமாக நிலம் மாறிவிடுகிறது. அவர் கொல்லப்பட்ட இடத்துக்கும் திருமுழுக்குப் பெற்ற இடத்துக்கும் இடையே ஒரு நாள் நடைக்கும் குறைவான தூரந்தான். எல்லை மட்டும் நடுவில். வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்துக்கு ஒரு கனமான வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து வைத்தார்கள். நடுவில் தடுப்புச் சுவர். 1910-ல் கௌசானல் அடிகளார் அதை இடித்தார். வழக்கு மன்றம் வரை போனது. தேவசகாயம் எந்தப் பந்தியில் உட்கார்ந்ததற்காக எல்லாவற்றையும் இழந்தாரோ, அதே பந்தியை அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே நாம் பிரித்தோம். 2022 மே 15-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, அவர் பெயரோடு இருந்த பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை உரோமை விட்டுவிட்டது. அது சரியான முடிவு.

கணவர் கொல்லப்பட்ட பிறகு ஞானப்பூ அம்மாள் இந்த வடக்கன்குளத்தில்தான் வாழ்ந்தார். 1766-ல் இங்கேயே இறந்து அடக்கமானார். திருவிதாங்கூரில் வீடும் உறவும் இருந்தும் திரும்பிப் போகவில்லை. 14 ஆண்டுகள். எருமையும் கசையும் துப்பாக்கியும் அவருக்கு இல்லை. தேடி வந்து இலை பறிக்கக் கூட்டமும் இல்லை. காலையில் எழுந்து, அடுப்பு மூட்டி, பூசைக்குப் போய், திரும்பி வந்து, யாருக்கும் பெரிதாகத் தெரியாமல் ஒரு விதவை நம்பிக்கையோடு இருந்திருக்கிறார். காற்றாடிமலையில் எனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று, அவரை நினைத்தபோது கிடைத்தது. அவரை நம் திருச்சபை இன்னும் போதுமான அளவு நினைவுகூரவில்லை என்பது என் உறுதியான எண்ணம். தேவசகாயத்தைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் அவர் பெயர் முழுதாக ஒலிக்க வேண்டும்.

ஜனவரித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். குடும்பத்தோடு போங்கள், பாடிக்கொண்டு போங்கள். ஆனால் அதற்கு அப்பால் ஒரு தடவை, திருவிழா இல்லாத ஒரு வார நாளில், தனியாகவும் போய்வாருங்கள். முழுத் தூரமும் முடியாதவர்கள் தோவாளையிலிருந்து காற்றாடிமலை வரைக்குமாவது நடக்கலாம். ஆடிக் காற்றில் நடப்பதானால் விடியலிலேயே கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலையில் லாரிகள் வேகமாக வரும், ஓரமாகப் போங்கள். செபமாலையின் இரண்டு பாதியையும் நீங்களே சொல்லுங்கள். முடிந்தால் கணவாயைத் தாண்டி வடக்கன்குளத்துக்கும் போய், ஞானப்பூ அம்மாளுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வாருங்கள்.